அருங்காட்சியகத்தில் இருப்பது சாமியா?

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனால் நான் முதலில் நிற்பது ரிஷபவாகனர் என்னும் செம்புச் சிவன் முன்னால்தான். திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவர். ராஜராஜனின் 26-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011-ல் எழுந்தருளுவிக்கப்பட்டவர் என்பது கல்வெட்டுச் செய்தி. பக்கத்தில் நிற்கும் தேவி அடுத்த ஆண்டு வந்தவள். பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்த காலத்தில் பிள்ளைகளை அழைத்துப்போய் அவரை வரையச் சொல்வேன். எல்லாரும் திணறுவது அந்த வலது கையில். காளை மேல் சாய்த்து வைத்த கை அது, காளை கிடைக்கவில்லை. கை வெறும் காற்றில் நிற்கிறது. ஆனால் இடுப்பின் வளைவையும் தோள் இறங்கியிருக்கும் விதத்தையும் பார்த்துக்கொண்டே வந்தால், காளை எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்பதுகூடப் பிடிபட்டுவிடும். சடையைத் தலைப்பாகை போலச் சுற்றியிருக்கிறார். அதற்குள் பாம்புகள் நெளிகின்றன. ஒரு காலைக் குறுக்கே போட்டு, வேலை முடிந்து வரப்பில் ஓய்வாக நிற்கும் ஆளைப் போல நிற்கிறார்.

ஒருமுறை அங்கே ஓர் அம்மாள் செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வந்து, கைகூப்பி நின்றார். கூட வந்த பேரன், "அப்பாயி, இது மியூசியம். இங்க சாமி கிடையாது, சிலதான்" என்றான். "கண்ணு முன்னாடி நிக்கிறாரு, கிடையாதுங்கிறியே" என்றார் அவர்.

பேரன் சொன்னதற்கு நம் மரபிலேயே ஆதாரம் உண்டு. கோயில் திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்கிறோம். மூர்த்தியின் சக்தியை மந்திரத்தால் கும்பத்து நீருக்கு மாற்றுவார்கள். கலாகர்ஷணம் என்று அதற்குப் பெயர். வேலை முடிந்து குடமுழுக்கு ஆகும்வரை கருவறையில் கல் இருக்கும். வழிபாடு வேறோரிடத்தில் நடக்கும். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண்ணில் பிடித்து, பூஜை செய்து, ஆற்றில் கரைக்கிறோம், யாரும் அழுவதில்லை. கூப்பிட்டால் வருவார், விடைகொடுத்தால் போவார் என்று இவ்வளவு தெளிவாக வகுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி, நூற்றாண்டுகளாகப் பூஜையில்லாமல் மண்ணில் கிடந்து, இப்போது பீடத்தில் எண்ணோடு நிற்கும் ரிஷபவாகனர் வெறும் செம்பு.

எனக்கு இந்தக் கணக்கு போதவில்லை. ஆகமத்தைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கோயிலுக்குள் செய்ய வேண்டியதை அது சொல்கிறது. கோயிலுக்கு வெளியே, ஒரு பாட்டிக்கும் ஒரு செம்புத் திருமேனிக்கும் இடையில் நடப்பதை அளக்க அது முனையவில்லை. அழைப்பது என்பது மந்திரத்தால் மட்டுமே நடக்கும் காரியமா? தியான சுலோகத்தை மனத்தில் நிறுத்தி, மெழுகில் ஒரு விரல் நகத்தைச் செதுக்க ஸ்தபதி எடுத்துக்கொண்ட பொறுமையும் அழைப்புதான். ஒரு மெழுகு அச்சில் ஒரு வார்ப்புதான். மண் கூட்டை உடைத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். அப்படி அழைக்கப்பட்டவரை, கலைக்கூடத்துப் பதிவேட்டில் ஓர் எண் கொடுத்து அனுப்பிவிட முடியும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கோயிலில் உற்சவரை நாம் எவ்வளவு பார்க்கிறோம்? முகமும் கைவிரல்களும் தெரியும். மற்றதெல்லாம் பட்டு, மாலை, கவசம். அந்த முதுகின் நீரோட்டம் போன்ற இறக்கத்தை அபிஷேகம் செய்யும் குருக்கள் மட்டுமே அறிவார். கலைக்கூடத்தில் சுற்றிவந்து பார்க்கலாம். சிவன்–பார்வதி திருமணத்தைக் காட்டும் கல்யாணசுந்தரர் தொகுதியில் பார்வதியின் முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் பாருங்கள். சிவன் பிடித்திருக்கும் அந்தக் கையில் கொடுப்பதும் தயங்குவதும் சேர்ந்தே இருக்கின்றன. திருமகள் பின்னால் நின்று மெல்ல முன்னே நகர்த்துகிறாள். பூஜையில் இருந்த பழைய திருமேனிகள் பலவற்றில் மூக்கும் கண்ணும் மழுங்கியிருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பாலும் சந்தனமும் ஊற்றித் தேய்த்துத் துடைத்த கைகள் செய்த வேலை அது. அன்பு முகத்தைத் தேய்த்துவிட்டிருக்கிறது. மண்ணுக்குள் போனவை கூர்மையோடு வந்திருக்கின்றன.

இழப்பு ஒன்றும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. வெளிச்சம். இந்த மூர்த்திகள் தீபாராதனைக்காகச் செய்யப்பட்டவர்கள். சுடர் மேலேறி இறங்கும்போது கன்னத்து நிழல் நகர்கிறது, உதடு மாறுகிறது. சிரித்தார் என்று பக்தர் சொல்வது கற்பனை இல்லை, கண்ணால் கண்டது. அசையாத மின்விளக்கின் கீழ் அந்தச் சிரிப்பு வருவதில்லை.

ஆனால் உற்சவர் எதற்காக இருக்கிறார்? மூலவர் எழுந்து வர முடியாது. உள்ளே வர முடியாதவர்களுக்காக, கிழவர்களுக்காக, நோயாளிகளுக்காக, வரவிடப்படாதவர்களுக்காக உற்சவர் வெளியே வருகிறார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்தது 1939-ல். அதுவரை எத்தனை தலைமுறை, வீதியில் தொலைவில் வந்த திருமேனியோடு நிறுத்தப்பட்டது! அந்தத் திருமேனியும் எல்லா வீதிக்கும் போனதில்லை. பள்ளியில் என்னோடு வேலை பார்த்த முஸ்லிம் ஆசிரியர் கலைக்கூடத்தில் ஒரு திருமேனி முன்னால் நெடுநேரம் நின்றிருக்கிறார்; பல கோயில்களில் அவர் கொடிமரத்தைத் தாண்டியிருக்க முடியாது. உற்சவர் போக நினைத்து எட்டாத தூரத்துக்கு அருங்காட்சியகம் அவரைக் கொண்டுபோயிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இதைச் சமயத்துக்கு விரோதமாகச் சொல்லவில்லை. சமயத்தின் பக்கம் நின்றே சொல்கிறேன்.

என் வருத்தம், கோயிலிலும் இல்லாமல் கலைக்கூடத்திலும் இல்லாமல் இருக்கும் மூன்றாவது வகைத் திருமேனிகளைப் பற்றியது. 1976-ல் பத்தூரில் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர் கடத்தப்பட்டு லண்டன் போனார். அங்கே நீதிமன்றத்தில் கோயிலின் பெயரால் வழக்கு நடந்து, 1991-ல் திரும்பி வந்தார். பாழடைந்த கோயிலானாலும் அதற்கு உரிமை உண்டு என்று வெளிநாட்டு நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. வந்தவர் திருவாரூரில் உள்ள திருமேனிகள் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். திருட்டுக்குப் பயந்து சிறிய கோயில்களிலிருந்து எடுத்துவரப்பட்ட மூர்த்திகள் இப்படிப்பட்ட மையங்களில் வரிசையாக நிற்கிறார்கள். சிலர் திருவிழாவுக்குப் போலீஸ் காவலோடு ஊருக்குப் போய்விட்டு, முடிந்ததும் திரும்புகிறார்கள். மற்றபடி கதவு சாத்தியே இருக்கிறது. அங்கே நினைத்த நேரத்தில் போய்க் கும்பிட முடியாது; பார்த்து வரையவும் முடியாது. காவல் தேவைதான், மறுக்கவில்லை. திருடர்கள் கற்பனையில்லை. ஆனால் காட்சி கொடுப்பதற்கென்றே வார்க்கப்பட்ட ஒருவரிடமிருந்து காட்சியைப் பறித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? கும்பிடும் கண்ணும் ரசிக்கும் கண்ணும் எட்டாத இடத்தில் அவரை வைப்பதைத்தான் நான் அபசாரம் என்பேன்.

ஊருக்குத் திருப்பி அனுப்பக்கூடியவர்களைக் கம்பிக்கதவும் காவலாளும் வைத்து அனுப்புங்கள். முடியாதவர்களை, வாரத்தில் ஒரு நாளாவது, கதவைத் திறந்து எல்லாருக்கும் காட்டுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர்களும் வரட்டும், வரைதாளோடு வருகிறவர்களும் வரட்டும்.