விழாவும் கடனும்

அறிஞர் ஒருவருக்கு எடுக்கப்படும் விழா, அவருக்குச் சமூகம் செலுத்தும் கடனா, அன்றி அக்கடனினின்றும் சமூகம் தன்னை எளிதில் விடுவித்துக்கொள்ளும் வழியா? யாழ்ப்பாணத்துப் புத்தூரை அடுத்த சிறுப்பிட்டியிலே 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் வாழ்வு இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்கதொரு சான்றாகும்.

வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்றுச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகத் திகழ்ந்த அவர், பத்திரிகாசிரியராகவும் கணக்காய்வு அலுவலராகவும் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் கடமையாற்றினார். காந்தமலர் என்னும் நாவலும் அவர் ஆக்கங்களுள் ஒன்றாகக் குறிக்கப்படுகின்றது. எனினும், விழா மேடைகள் அவரைப் பதிப்பாசிரியராகவே பெரிதும் போற்றும். வீரசோழியம் 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும் அவர் முயற்சியால் அச்சேறின. ஏடுகள் தொட்ட மாத்திரத்தே உதிர்ந்த நிலையை அவர் தம் பதிப்புரையிலே வருந்தி எழுதினார். அவ்வேடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பாடந் துணிவதே அவர் மேற்கொண்ட பணி.

இத்தகையவருக்கு மாலையும் ஊர்வலமும் போதுமா எனச் சிலர் வினவுவர். அவ்வினாவில் நியாயம் உண்டு. ஆயின் அது முழு நியாயம் ஆகாது. நூலைக் கல்லாதவரும் அறிஞரின் பெயரைக் கேட்டறிவது விழாவினாலேயே. தம் ஊர்ச் சிறுவனொருவன் கல்வியால் உயர்ந்த வரலாறு, அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஊக்கந் தரும். ஆதலின் விழாவைப் பயனற்றதெனத் தள்ளுதல் பொருந்தாது. புகழ்ந்த அளவிலே கடன் தீர்ந்ததெனக் கருதுமிடத்தே குறை தொடங்குகின்றது.

இறந்தவருக்குப் பட்ட கடனை இறந்தவரிடம் திருப்பிக் கொடுத்தல் இயலாது. தாமோதரம்பிள்ளையும் பழைய உரைகாரருக்கும், தலைமுறைதோறும் ஏடெழுதிக் காத்தோருக்கும் கடன்பட்டவரே. அக்கடனை அவர் எவ்வாறு தீர்த்தார்? தாம் பெற்றதை அழியவிடாது, பின்வருவோர் கையிலே சேர்த்தார். கடன் முன்னோக்கியே செலுத்தப்படுவது என்பதற்கு அவர் செயலே உரைகல்லாகும்.

இன்னுமொன்று கருதத்தக்கது. 1885ஆம் ஆண்டுப் பதிப்பிலே பேராசிரியரின் உரைப்பகுதி நச்சினார்க்கினியர் பெயராலேயே வெளிவந்தது. பின்வந்த அறிஞர் ஆராய்ந்து அதனைத் திருத்தினர். இத்திருத்தம் தாமோதரம்பிள்ளைக்கு இழுக்காகுமா? ஆகாது. அவர் அச்சேற்றியிராவிடின், பலரும் கற்று ஆராய்ந்து திருத்துவதற்கு நூல் அத்துணை எளிதிற் கிடைத்திராது. அவரது நூலைக் கூர்ந்து கற்றுப் பிழை கண்டோர், கல்லாது புகழ்ந்தோரினும் அவரை மிகுதியாக மதித்தவராவர். குறையைச் சுட்டுதல் அவமதிப்பென அஞ்சும் விழா, அறிஞரை வழிபாட்டுப் பொருளாக்கி, அவர் வளர்த்த ஆராய்ச்சியைக் கைவிடுகின்றது.

இக்கடமையை மறந்தால் நேரும் இழப்பு சிறிதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. தீயினால் ஒரே இரவில் நேர்வது, கறையானாலும் கவனமின்மையாலும் ஓசையின்றி வீடுதோறும் நேர்தல் கூடும். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து வெளியீடுகளை மின்வடிவிலே சேமித்து வருதல், கடனை முன்னோக்கிச் செலுத்தும் முயற்சிக்கு இக்கால எடுத்துக்காட்டாகும்.

அனைவரும் பதிப்பாசிரியராதல் இயலாதெனலாம். உண்மையே, கடமை அவரவர் ஆற்றலுக்கு ஏற்பவே அமையும். வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் ஏட்டையும் பழைய மலரையும் பேணுவோரிடம் ஒப்படைத்தல் ஊரவர்க்கு இயல்வது. அவற்றைக் கற்று ஆராய்தல் பல்கலைக்கழகத்தார்க்கு இயல்வது; கற்கும் வாய்ப்பினைச் சமூகத்திடம் பெற்ற அவர்கள் அதனைத் தட்டிக்கழித்தல் தகாது. விழா முடிந்து பந்தல் பிரிக்கப்பட்ட பின்னர், ஓர் ஏடேனும் காக்கப்பட்டதா, ஒரு நூலேனும் புதிதாகக் கற்கப்பட்டதா என ஆராய்க. ஆம் எனின், அவ்விழா கடன் செலுத்தியதாகும்.