பொதுக்கூட்டமும் அரசின் கடமையும்: அவையறம், காவலறம் குறித்த ஒரு நோக்கு

மக்கள் ஓரிடத்தில் கூடி அரசைக் குறித்துப் பேசுவது மக்களாட்சியில் அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. அவ்வாறு கூடியோர் ஒழுங்கு தவறினால், அவர்களைக் காக்க வேண்டிய அரசின் கடமை அந்த அளவுக்குக் குறையுமா என்பது சட்ட வினா மட்டுமன்று, அறவியல் வினாவுமாகும். சட்ட நூலோர் இதனை உரிமை, கட்டுப்பாடு என்னும் இரு சொற்களுக்குள் வைத்து ஆராய்வர். தமிழ் அறநூலும் காப்பியமும் கல்வெட்டும் வேறொரு பகுப்பைத் தருகின்றன. அப்பகுப்பைத் துணையாகக் கொண்டு, தில்லி ராம்லீலா திடலில் 2011ஆம் ஆண்டு நிகழ்ந்ததையும் அதன்மேல் எழுந்த தீர்ப்பையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. வெளிநாடுகளில் பதுக்கப்பட்ட கறுப்புப் பணத்தை மீட்க வேண்டும் எனக் கோரி, யோகப் பயிற்றுநர் ராம்தேவ் 2011 ஜூன் 4 அன்று அத்திடலில் உண்ணாநோன்பு தொடங்கினார். திடலுக்குப் பெறப்பட்ட அனுமதி யோகப் பயிற்சி முகாமுக்கு உரியது. வருவோர் ஏறத்தாழ ஐயாயிரவர் எனக் காட்டப்பட்டிருந்தது. திரண்டவர்களோ அதைப்போல் பல மடங்கினர். அன்றிரவே அனுமதி திரும்பப் பெறப்பட்டது; குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்கீழ்த் தடையாணையும் பிறப்பிக்கப்பட்டது. நள்ளிரவுக்குப் பின் காவலர் பந்தலுக்குள் நுழைந்தனர். பெண்டிரும் முதியோரும் சிறாரும் உட்பட ஆயிரக்கணக்கானோர் அப்போது உறங்கிக்கொண்டிருந்தனர். கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வீசப்பட்டன, தடியடியும் நடந்தது. படுகாயமுற்ற பெண்மணி ஒருவர் அவ்வாண்டு செப்டம்பரில் உயிரிழந்தார்.

உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இவ்வழக்கை எடுத்துக்கொண்டு, 2012 பிப்ரவரி 23 அன்று தீர்ப்பு வழங்கியது. உறங்கும் கூட்டத்தை நள்ளிரவில் எழுப்பிக் கலைக்கும் அளவுக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை, விடியும்வரை காத்திருந்திருக்கலாம் என்பது நீதிமன்றத்தின் முடிவு. உறக்கமும் உயிர்வாழும் உரிமையின் கூறே என நீதிபதி பி.எஸ். சவுகான் தனியே எழுதினார். அதே தீர்ப்பு கூட்டம் நடத்தியோரையும் விடவில்லை. தடையாணை அறிவிக்கப்பட்டபின், கலைந்து செல்லுமாறு கூட்டத்தாரிடம் சொல்ல வேண்டிய தலைவர் மேடையிலிருந்து கூட்டத்துக்குள் குதித்தது பொறுப்பற்ற செயல் என்று அது கண்டது. இழப்பீட்டில் நான்கில் ஒரு பங்கை ஏற்பாட்டாளரான அறக்கட்டளை ஏற்க வேண்டும் எனவும் பணித்தது.

இந்த நூற்றுக்கு இருபத்தைந்து என்னும் கணக்கே இக்கட்டுரைக்கு வித்து. பணத்தைப் பங்கிடலாம், இழப்பீட்டுச் சட்டம் அதற்கெனவே இருப்பது. ஆனால் பங்கிட்ட பணத்தைக் கண்டு கடமையும் அவ்வாறே பங்கிடப்பட்டதாக எண்ணும் வழக்கம் நம் பொதுப்பேச்சில் வேரூன்றியுள்ளது. 'கூட்டத்தார் மீதும் தவறிருக்கிறதே' என்று சொல்லப்படும்போது, அரசின் தவறு அந்த அளவுக்குக் கழிந்துவிட்டதாகவே கேட்போர் கொள்கின்றனர். இக்கொள்கை பொருந்துமா?

அவைக்கு உரியோரும் அவைக்குப் புறத்தோரும்

திருக்குறளில் பேச்சொழுக்கம் பேசப்படும் இடத்தை முதலில் நோக்குதல் வேண்டும். அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரு அதிகாரங்களும் அமைச்சியலில் வைக்கப்பட்டுள்ளன. எங்கே பேசுவது, எவர்முன் அடங்குவது, எதைச் சொல்லாது விடுவது என்னும் நெறிகளெல்லாம் அரசவையில் இடம்பெற்றவர்க்கு விதிக்கப்பட்டவை. அரசனுக்குரிய இயலிலோ வேறொன்று வற்புறுத்தப்படுகிறது. அவன் காண்பதற்கு எளியவனாக இருக்க வேண்டும். காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுக்க வேண்டும். குடிகள் வெருவும் செயலைச் செய்யலாகாது. பின்னதற்கென 'வெருவந்த செய்யாமை' என ஒரு முழு அதிகாரமே உண்டு. முறையிட வரும் குடிமகனின் பேச்சு இன்னவாறு இருத்தல் வேண்டும் என்று தனி அதிகாரம் வகுக்கப்படவில்லை. ஒன்றையும் விடாது சொல்ல முயன்ற நூலில் இவ்விடைவெளி தற்செயலானது எனக் கொள்ள மனம் ஒப்பவில்லை.

இங்கு ஒரு தடை எழலாம். அரசன் பொறுக்க வேண்டிய கசப்புச் சொல், இடித்துரைக்கும் துணைவரின் சொல் எனப் பரிமேலழகர் கொள்வார். அவ்வாறாயின் அது வீதியில் நிற்போரின் கூச்சலுக்குப் பொருந்துமோ எனலாம். உரையாசிரியர் காலத்து அரசவையை நோக்க அவ்வுரை பொருத்தமே. எனினும் குறள் பேசுவோர் இன்னார் எனக் குறிக்கவில்லை. கேட்போன் செவியை மட்டுமே குறிக்கின்றது. உரை குறுக்கியதை மூலம் குறுக்கவில்லை.

அவைக்கு உரியோரை ஒழுங்குபடுத்துவதில் நம் முன்னோர் மெத்தனம் காட்டியதில்லை என்பதற்குத் திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த மானூர்க் கல்வெட்டு சான்று. கி.பி. 800ஐ ஒட்டிய காலத்தது எனக் கருதப்படும் இது, மாறஞ்சடையன் என்னும் பாண்டியனின் 35ஆம் ஆட்சியாண்டில் ஊர்ச்சபை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட விதிகளைப் பதிவு செய்கின்றது. சபையில் எடுத்துக்கொள்ளப்படும் ஒவ்வொன்றுக்கும் 'வேண்டா, வேண்டா' என்று மறுத்து நடவடிக்கையைத் தடுப்போர் ஐந்து காசு தண்டம் இறுக்க வேண்டும். அவர்க்குத் துணைநிற்போரும் அவ்வாறே. இன்றைய சட்டமன்றங்களுக்கு இதனை எடுத்துக்காட்டுவோர் பலர். அவர்கள் பெரும்பாலும் சொல்லாது விடுவது, அச்சபையில் பேசும் தகுதி நிலவுடைமையும் வேதக் கல்வியும் உடையோர்க்கே இருந்தது என்பதை. உழுதோருக்கு அங்கு வாயில்லை. ஆகவே தண்டமும் இல்லை. கல்வெட்டின் நீதி இதுதான்: முடிவெடுக்கும் பங்கு உடையவன், முடிவெடுப்பதைத் தடுத்தால் தண்டத்துக்குரியவன்.

அப்பங்கு இல்லாதவன் அவையின் முன் வந்து நின்றால்? அதற்குக் கல்வெட்டில் விடையில்லை, காப்பியத்தில் உண்டு.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை நாம் கற்பின் வெற்றியாகவோ ஊழின் வினையாகவோ படித்தே பழகிவிட்டோம். அதனை ஆட்சி நடைமுறையின் பதிவாகவும் படிக்கலாம். விரிந்த கூந்தலும் கையில் ஒற்றைச் சிலம்புமாக ஒருத்தி வாயிலில் நிற்கிறாள். வாயிலோன் அவளைக் கண்டு அஞ்சுகிறான். கொற்றவையோ காளியோ என ஐயுறத்தக்க தோற்றம் என அரசனிடம் உரைக்கிறான். இன்றைய காவல் மொழியில் சொல்வதாயின், அது 'சட்டம் ஒழுங்குக்கு ஊறு நேரலாம்' என்னும் அறிக்கை. பாண்டியன் அவ்வறிக்கையைக் கேட்டபின் அவளை உள்ளே வரவிடுமாறு பணிக்கின்றான். அவள் வந்ததும் அவனை ஆராயாத அரசன் என்றே விளிக்கின்றாள். அவைக்கு அடாத விளி அது. அமைச்சன் எவனேனும் அவ்வாறு விளித்திருப்பின் அவையறியான் எனப்பட்டிருப்பான். அரசனோ அவ்விளியைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் அன்று என்று வழக்கின் பொருளுக்கே மறுமொழி கூறுகின்றான். பேசிய முறையை விட்டுப் பேசப்பட்ட பொருளைப் பற்றுகின்றான். ஆராயாது கொன்ற பிழையை அரசன்மேல் சுமத்தும் இளங்கோவடிகள், கேளாது விட்ட பிழையை மட்டும் அவன்மேல் சுமத்தவில்லை. அவள் பின்னர் மதுரையை எரித்தாள் என்பது உண்மை. அதனைக் கொண்டு, அவளை வாயிலிலேயே மறித்திருக்கலாம் என்று எந்த உரையாசிரியரும் எழுதியதாகத் தெரியவில்லை.

இதனால் பெறப்படுவது ஒரு வேறுபாடு. அவைக்குள் இடம் உடையோர் ஒழுங்கால் அளக்கப்படுவர்; அவைக்குப் புறத்தே நின்று முறையிடுவோர் முறையீட்டின் பொருளால் அளக்கப்படுவர். தில்லியில் ஜந்தர் மந்தர் அமைந்திருப்பது நாடாளுமன்றச் சாலையிலேயே. ஓர் ஒழுங்கை உள்ளே கைவிட்டு, அதே ஒழுங்கை வெளியே தடியால் நிலைநாட்டும் நிலையை அச்சாலையின் நீளத்தை நடந்தே காணலாம்.

எச்சரிக்கையும் காத்திருத்தலும்

கலைத்தே ஆக வேண்டிய கூட்டங்களும் உண்டு. படைக்கலம் ஏந்திய கூட்டத்துக்கு அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் உறுப்பு உரிமை தரவில்லை. பொது ஒழுங்கின் பொருட்டு நியாயமான கட்டுப்பாடுகளை அது ஏற்கவும் செய்கின்றது. 1972இல் ஹிமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுத் தெருவில் நடக்கும் கூட்டத்தை அரசு நெறிப்படுத்தலாம், ஆனால் அதிகாரியின் விருப்பம்போல் மறுக்க இயலாது என்றது. ஆகவே வினா கலைக்கும் அதிகாரம் உண்டா என்பதன்று. எவ்வாறு கலைப்பது என்பதே.

புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார், முதுகுடுமிப் பெருவழுதியின் போரறத்தைப் பாடுகின்றார். அம்பு விடுமுன் ஆவும் அந்தணரும் பெண்டிரும் பிணியுற்றோரும் மகப்பேறு அற்றோரும் அரண் தேடிச் செல்லுமாறு அறிவிப்பதே அவ்வறம். பகை நாட்டின் மீது செல்லும் வேந்தனுக்கு விதித்த நெறி இது. தன் குடிகள் மீது செல்லும் அரசுக்கு இதனினும் குறைந்த நெறி எவ்வாறு போதும்? 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாகில் எச்சரிக்கை ஏதுமின்றிச் சுடப்பட்டது. அரசுக் கணக்கின்படியே 379 பேர் இறந்தனர். கூட்டம் கூடுதல் தடைசெய்யப்பட்டிருந்தது என்பதே சுட்டவரின் வாதம். தடையை மீறியோர் காவலை இழந்தோர் என்னும் கருத்து அங்கு அதன் முழு உருவில் நின்றது. அதன் மெலிந்த உருவமே 'கூட்டத்தார் மீதும் தவறு' என்னும் இன்றைய பேச்சு. இரண்டும் ஒன்றென்று சொல்வது மிகையாகும். ஆனால் வேர் ஒன்றுதான்.

இவ்விடத்தில் 'காவல்' என்னும் சொல் நம் கவனத்துக்குரியது. காத்தல் என்பது வேந்தன் குடிகளுக்குச் செய்யும் தொழிலாகவே பண்டை நூல்களில் வழங்கியது. போலீசைக் காவல்துறை எனத் தமிழாக்கியபோது அப்பொருளையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டோம். ராம்லீலா திடலில் உறங்கியவர்கள், வாயிலில் காவலர் நிற்கின்றனர் என்னும் துணிவிலேயே உறங்கினர். அத்துணிவுக்கும் அனுமதிச் சீட்டில் எழுதப்பட்ட எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. ஐயாயிரத்துக்கு மேற்பட்டு வந்த ஒவ்வொருவரும் ஏற்பாட்டாளரின் பிழைக்குச் சான்றாகலாம்; அவர்களுள் எவரும் காவலுக்குப் புறம்பானவர் ஆகார்.

ஏற்பாட்டாளரின் கடமை இதனால் குறையுமோ எனின், குறையாது. அதுவும் முழுமையானதே. அழைத்தவன் அழைக்கப்பட்டோரின் உடலுக்குப் பொறுப்பு. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடிகர் விஜய்யின் கட்சிக் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் இறந்தனர். அங்கு அரசுக்கும் கூட்டத்துக்கும் இடையே கருத்துப் போர் இல்லை, முறையீடும் இல்லை. இடத்தின் அகலம், வழிகளின் எண்ணிக்கை, காத்திருந்த நேரம், குடிநீர் என்னும் எளிய கணக்குகளே உயிர்களை நிர்ணயித்தன. அடுத்த நாளே கட்சி அரசையும் அரசு கட்சியையும் குறைகூறின. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. அப்பழியுரைகளில் கேட்டது அதே பங்கீட்டுக் குரல்தான். அவர்க்கு இவ்வளவு, எமக்கு இவ்வளவு. ஆகவே எமக்குக் குறைவு. இருவரும் தத்தம் கடமையில் முழுதும் தவறியிருக்கக்கூடும் என்னும் நிலையை நூறு விழுக்காட்டைப் பகுக்கும் கணக்கு காட்டவல்லதன்று.

ஓசை குறித்து

2017 மார்ச் 14 முதல் தமிழக உழவர் சிலர் பி. அய்யாக்கண்ணு தலைமையில் ஜந்தர் மந்தரில் அமர்ந்தனர். வறட்சி நிவாரணமும் கடன் தள்ளுபடியும் அவர்தம் கோரிக்கைகள். மண்டையோடுகளை முன்வைத்தனர், எலிகளை வாயில் கவ்வினர், ஒருநாள் ஆடை களைந்தும் ஓடினர். தில்லியில் தமிழ் கற்பிக்கும் நம்மவருள்ளும் முகம் சுளித்தவர் உண்டு. தமிழருக்கு இழுக்கு என்ற சொல்லும் காதில் விழுந்தது. அவையறிதல் அதிகாரத்தை எடுத்து அவ்வுழவரை அளந்ததன் விளைவு அச்சுளிப்பு. எடுக்க வேண்டிய பகுதி வழக்குரை காதை. பிரதமரைச் சந்திக்க வேண்டும் என்பதே அவர்கள் விடாது கேட்டது. நாற்பத்தொரு நாட்களுக்குப் பின், தமிழக முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி ஏப்ரல் 23 அன்று நேரில் வந்து கேட்டுக்கொண்டதன் மேல் போராட்டத்தை நிறுத்தினர்; ஜூலையில் மீண்டும் வந்தனர்.

அவ்வாண்டு அக்டோபர் 5 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சாலைவாசிகளின் முறையீட்டின் மேல், ஒலி மாசு முதலியவற்றைக் காரணமாகக் காட்டி ஜந்தர் மந்தரில் போராட்டங்களுக்குத் தடை விதித்தது. சாலைவாசிகளின் துயர் பொய்யன்று. ஒலிபெருக்கிக்கு அருகில் ஆண்டுக்கணக்கில் வாழ்வோரின் உறக்கமும் உறக்கமே. ராம்லீலா தீர்ப்பு காத்த உறக்கத்துக்கு அது தாழ்ந்ததன்று. 2018 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றம் முழுத்தடை கூடாதென நீக்கி, இரு தரப்பு உரிமைகளும் இயையுமாறு நெறிமுறைகளை வகுக்கக் காவல்துறைக்கு இரண்டு மாதம் அளித்தது. 1993க்கு முன் கூட்டங்கள் நடந்துவந்த போட் கிளப் புல்வெளி குறித்தும் அத்தீர்ப்பு நெறிமுறை கேட்டது.

ஒலிபெருக்கி எவ்வளவு உரக்க இருக்கலாம் என்பதை நெறிமுறை வகுக்கலாம். எத்தனை நாள் ஒலித்தபின் அரசு மறுமொழி கூற வேண்டும் என்பதற்கு எந்த நெறிமுறையும் கேட்கப்படவில்லை.