ராவணன் தண்ணீர் தேடிய இடம்

நமுனுகுல மலையடித் தோட்டங்களிலிருந்து பள்ளி விடுமுறைக்கு வேன் பிடித்துக் கிளம்பும் குடும்பங்களுக்கு ராவணன் புதியவனல்ல. எல்லவுக்கு இறங்கினால் அவன் பெயரில் ஒரு நீர்வீழ்ச்சி, ஒரு குகை. ஆனால் தாய்க்குக் கடன் கழிக்க அவன் தண்ணீர் கண்டதாகச் சொல்லப்படும் இடம் ஊவாவில் இல்லை. திருகோணமலைக்கு அருகே, கன்னியாவில்.

அங்கே ஏழு சிறு கிணறுகள், ஒன்றையொன்று ஒட்டி. ஒன்றில் வெதுவெதுப்பு, அடுத்ததில் முதல் வாளிக்கே பிள்ளைகள் அலறுவார்கள். ராவணன் வாளால் குத்தியதில் பிறந்தவை என்பது ஒரு கதை. கிழவராக வந்த திருமால் உண்டாக்கியவை என்பது இன்னொன்று. மழைநீர் பாறை வெடிப்பு வழியே ஆழத்தில் இறங்கி, பூமியின் வெப்பத்தில் சூடேறி மேலே வருகிறது என்பது நிலவியல்.

காரணம் தெரிந்துவிட்டால் தீர்த்தம் வெறும் தண்ணீராகிவிடுமா?

சூடுதான் அதிசயம் என்றால் ஆகிவிடும். ஆனால் யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் சூடு இல்லை; கடலோரத்து ஊற்று. கன்னியாவைப் போலவே அங்கும் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிச் சடங்கு நடக்கிறது. தீர்த்தமாடுவதைச் சித்தர் சிவவாக்கியர் எப்போதோ கேலி செய்துவிட்டார். அந்தக் கேலி பாவம் கழுவ வருபவரைச் சுடும். அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வந்தவரை அது தொடுவதாகத் தெரியவில்லை. இராமாயணத்தில் எப்படியோ, கன்னியாக் கதையில் ராவணன் ஒரு மகன் மட்டுமே.

திருகோணமலை வரை போக முடியாதவர்கள், பழமையைப் பார்க்க, ஹாலி-எலவுக்கு அருகே போகொடவுக்குப் போகலாம். குகை விகாரைக்குப் பக்கத்தில், ஓட்டுக்கூரை போட்ட பழைய மரப்பாலம். 16ஆம் நூற்றாண்டினது என்பார்கள். அதன் பழமையை மரத்தைத் தொட்டே சொல்லலாம். ஊற்றுநீருக்கு அப்படி வயது கிடையாது. நேற்று ஊறியது இன்று இல்லை. ஊற்றருகே பழையது சடங்குதான், அதைத் தோண்டி எடுத்துக் காட்ட முடியாது.

கன்னியாவில் சிக்கலே இதுதான். இடம் தொல்லியல் திணைக்களத்தின் கையில். அருகே பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் பௌத்தச் சின்னங்கள் உண்டென்ற வாதம். 2019இல் விவகாரம் திருகோணமலை மேல் நீதிமன்றத்துக்குப் போனது. செங்கல் யாருடையது என்று ஆய்வாளர் சொல்லக்கூடும். ஆனால் ஈர வேட்டியோடு நிற்பவர் அங்கே வந்தது செங்கல்லுக்காக அல்லவே.