சன்னிதியா, பயணமா?

கதிரவன் எழுந்தால் தாமரை மலர்கிறது. கதிரவனுக்கு அதில் விருப்பமும் இல்லை, முயற்சியும் இல்லை. இறைவனின் சன்னிதி ஒன்றே உலகை இயக்குகிறது என்று விளக்க ‘நான் யார்?’ நூலில் ரமணர் எடுத்துக்கொண்ட உவமை இது. அசைவற்ற உணர்வாகிய புருஷனின் அருகாமையில் இயற்கையாகிய பிரகிருதி இயங்குவதைச் சொல்ல சாங்கியர்கள் காந்தக்கல்லைக் காட்டினார்கள். இப்போது மேடைகளில் அந்த இடத்துக்கு வினையூக்கி வந்திருக்கிறது: தான் மாறாமல் பிறவற்றை மாற்றும் பொருள் என்று.

இப்படி எண்ணியவர்கள் வேதியியலிலும் உண்டு. 1835-ல் சுவீடனின் பெர்சீலியஸ் வினையூக்கம் என்ற கருத்தை முன்வைத்தபோது, சில பொருள்கள் வெறும் இருப்பாலேயே பிற பொருள்களில் உறங்கும் நாட்டத்தை எழுப்புகின்றன என்றே கருதினார். வேதியியல் அந்தக் கருத்தைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. மேடைகள்தான் இன்னும் கைவிடவில்லை.

வினையூக்கி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்கப் புனேயிலிருந்து தொடங்கலாம். அங்கே பாஷாண் பகுதியில் தேசிய வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. 1978 முதல் 1989 வரை அதன் இயக்குநராக இருந்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற எல். கே. துரைசாமி. பின்னர் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, சஞ்சீவ் நாயக்குடன் சேர்ந்து 1998-ல் ஒரு விரிவான ஆய்வுரை வெளியிட்டார். கலக்காத இரண்டு திரவங்களுக்கிடையே ஒரு வினைபொருளைக் கடத்திச் செல்லும் ‘ஃபேஸ் டிரான்ஸ்ஃபர்’ வினையூக்கியின் வேதியியலும் பொறியியலும் அதன் பொருள். வெறும் இருப்பு என்ற கருத்து எங்கே உடைகிறது என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான வினையூக்கி கிடைக்காது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். சோடியம் சயனைடு நீரில் கரையும். குளோரோ ஆக்டேன் எண்ணெய் போன்றது, நீரோடு சேராது. இரண்டையும் ஒரே குடுவையில் ஊற்றி நாள் கணக்கில் கொதிக்க வைத்தாலும் அவற்றுக்கிடையே எதிர்பார்த்த வினை நடப்பதில்லை. அமெரிக்காவில் சார்லஸ் ஸ்டார்க்ஸ் இதில் ஒரு பாஸ்போனியம் உப்பைச் சிறிதளவு சேர்த்தார். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வினை முடிந்துவிட்டது. 1971-ல் அந்த ஆய்வு வெளியானது.

அந்த உப்பின் அமைப்பில்தான் விடை இருக்கிறது. நடுவில் நேர்மின்னூட்டம், சுற்றிலும் எண்ணெயை நாடும் நீண்ட கார்பன் சங்கிலிகள். இரண்டு உலகத்துக்கும் அது உறவு. நீரின் பக்கம் சயனைடைத் துணை சேர்த்துக்கொண்டு எண்ணெய்க்குள் கொண்டுபோகிறது. நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து கட்டிவைத்திருந்த சயனைடு, அங்கே அந்தக் கட்டின் பெரும்பகுதியை இழந்து வேகம் பெறுகிறது, வினை நடக்கிறது. விடுபட்ட குளோரைடைச் சுமந்துகொண்டு உப்பு திரும்புகிறது, மறுபடி சயனைடு, மறுபடி எண்ணெய். போலந்தின் மாகோஷா வலிய காரங்களோடு நடக்கும் வினைகளை ஆராய்ந்து, முதற்படி இரு திரவங்களும் தொடும் எல்லையிலேயே நடக்கிறது என்றார். எந்த வழியாக இருந்தாலும் இந்த வினையூக்கி சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் துணை மாறுகிறது, இடம் மாறுகிறது. கணக்கை இறுதியில் பார்ப்பவருக்கு மட்டுமே அது மாறாததாகத் தெரியும்.

ஆகவே அசையாத இறைவனுக்கு இது உவமை ஆகாது. ஆனால் சைவ சித்தாந்தத்தில் இதற்கு நெருக்கமான வேறொரு கருத்து இருக்கிறது. உயிர்களை மலம் என்னும் கட்டின் அளவால் அது மூவகையாகப் பிரிக்கிறது. ஒரு மலம் மட்டும் உடைய விஞ்ஞானகலருக்கு இறைவன் உள்நின்று உணர்த்துகிறான். இரண்டு மலம் உடைய பிரளயாகலருக்கு முன் தோன்றி உணர்த்துகிறான். மும்மலமும் உடைய சகலருக்கோ மனித வடிவில் குருவாக வருகிறான். நம்மைப் போன்றவர்களுக்குத் தொலைவில் இருக்கும் ஒளி போதாது, நம் பக்கம் இறங்கி வரும் ஒருவர் வேண்டும் என்ற கனிவு அதில் இருக்கிறது. இரண்டு கரைக்கும் உரியவராக இருந்தால்தான் அவரால் ஓர் உயிரை அழைத்துச் செல்ல முடியும்.

பொருத்தம் இன்னும் ஓர் இடத்திலும் தெரிகிறது. எந்த வினையூக்கியும் நடக்கவே முடியாத வினையை நடத்தாது, சமநிலையை இடம் மாற்றாது. நடக்கக்கூடியதை விரைவுபடுத்தும், அவ்வளவுதான். மலபரிபாகம், அதாவது மலம் கழியும் பக்குவம், வராத உயிருக்குக் குருவும் வாய்ப்பதில்லை என்கிறது சித்தாந்தம்.

பொருந்தாத இடத்தையும் மறைக்கக் கூடாது. வலிய காரமும் மிகுந்த வெப்பமும் சேர்ந்தால் பாஸ்போனியம் உப்பைப் போலவே இந்த வேலைக்குப் பயன்படும் குவாட்டர்னரி அம்மோனியம் உப்புகள் சிதைந்துபோகும். வினை முடிந்தபின் விளைபொருளிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பதும் தொழிற்சாலைகளுக்குத் தீராத தொல்லை. சித்தாந்தம் சொல்லும் சிவத்துக்கோ சிதைவு இல்லை.

சன்னிதியை விளக்கக் கதிரவன் போதும். வினையூக்கியை மேடைக்கு அழைத்து வருகிறவர்கள் இனிமேல் அதைக் குருவைப் பற்றிப் பேசும்போது அழைத்து வரட்டும். அது செய்யும் பயணத்தையும் சேர்த்துச் சொல்லட்டும்.