பழுதும் பழியும்

ஒரு பொருள் பழுதானால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. பழுது எங்கே இருக்கிறது என்பது ஒன்று. அதற்குப் பொறுப்பு யார் என்பது இன்னொன்று. முன்னது அறிவைப் பற்றியது, பின்னது அறத்தைப் பற்றியது. கணினியின் கிராபிக்ஸ் கார்டு மக்கர் செய்யும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. “டிரைவர் பிரச்சினை” என்பதும் “அந்தக் கம்பெனி கார்டே இப்படித்தான்” என்பதும் ஒரே மூச்சில் வந்துவிடும். முதலாவது ஓர் அனுமானம், இரண்டாவது ஒரு தீர்ப்பு. இரண்டுக்கும் வேண்டிய சான்றுகள் வேறு வேறு.

பழைய மாமல்லபுரம் சாலையில், சிறுசேரி மென்பொருள் பூங்காவுக்குத் தெற்கே இருக்கிறது கேளம்பாக்கம். ஊருக்குக் கிழக்கே உப்பளங்களும் கோவளத்துக் கழிமுகமும், அவற்றுக்கு அப்பால் கடல். உப்பும் ஈரமும் கலந்த காற்று ஆண்டு முழுவதும் வீட்டுக்குள் வந்து போகும் இடம் இது. மென்பொருள் ஊழியர்களும் கல்லூரி மாணவர்களும் நிறைந்த இந்தச் சாலையோரக் குடியிருப்புகளில் அடிக்கடி நடக்கக்கூடிய ஒன்று: விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ ஓடிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துப்போகிறது, சில நொடிகளில் திரும்பி வருகிறது. டிஸ்பிளே டிரைவர் பதில் தராமல் நின்று மீண்டது என்று விண்டோஸின் ஈவண்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு ஒரு குறிப்பு பதிவாகியிருக்கிறது.

இந்தக் குறிப்பு சொல்வது மிகக் குறைவு. கார்டுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டு, இயல்பான அமைப்பில் 2 நொடிக்குள் அது கைக்கு வராவிட்டால், விண்டோஸ் காத்திருப்பதை நிறுத்தி டிரைவரை மறுபடி தொடங்குகிறது. குறிப்பில் டிரைவர் பெயர் இருப்பதற்குக் காரணம் கார்டோடு பேசுவது அதுதான் என்பதே. டிரைவரின் நிரல் தவறாக இருக்கலாம். கார்டின் நினைவகச் சிப் கெட்டிருக்கலாம். எஸ்எம்பிஎஸ் போதிய மின்சாரம் தராமல் இருக்கலாம், தெர்மல் பேஸ்ட் காய்ந்து சூடு ஏறியிருக்கலாம். எதுவானாலும் எழுதப்படும் குறிப்பு ஒன்றே.

கண்டதிலிருந்து காணாததற்குப் போவதன் விதிகளை, கேளம்பாக்கம் அடங்கிய அதே தொண்டை நாட்டில், காஞ்சியை மையமாகக் கொண்ட பௌத்த மரபு ஆராய்ந்தது. காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று மரபு சொல்லும் திங்நாகரின் தருக்கம் மணிமேகலையின் 29ஆம் காதையில் தமிழில் கிடைக்கிறது. அறவண அடிகள் மணிமேகலைக்கு அதைக் கற்பிப்பதும் காஞ்சியில்தான். ஓர் ஏது, அதாவது சான்றாகக் காட்டப்படும் அடையாளம், மூன்று இடங்களில் சோதிக்கப்பட வேண்டும். பேசப்படும் பொருளாகிய பக்கத்தில் அது இருக்க வேண்டும். அதை ஒத்த சபக்கத்திலும் இருக்க வேண்டும். மாறுபட்ட விபக்கத்தில் இருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் கிடைப்பது ஏது அல்ல, ஏதுப்போலி. ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே, புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு உண்டு என்று துணிவதை அந்தக் காதை பிழையான ஏதுவுக்குச் சான்றாகக் காட்டுகிறது. திரையில் புள்ளிகள் தெரிந்ததும் சிப் போய்விட்டது என்பவர் செய்வதும் இதே பிழை. தளர்ந்த எச்டிஎம்ஐ கேபிளும் புள்ளிகளைக் காட்டும்.

பழுது தேடும் முறை முழுவதும் சபக்க, விபக்கச் சோதனையாகவே அமைகிறது. முதலில் கேபிளும் திரையும் மாற்றிப் பார்க்கப்படுகின்றன. பின்னர் சேஃப் மோடில் பழைய டிரைவர் சுவடின்றி நீக்கப்பட்டு, சிக்கல் இல்லாத காலத்தில் இருந்த பதிப்பு ஏற்றப்படுகிறது. அதிலும் திரை கறுத்தால் புதிய டிரைவர் மேல் இருந்த சந்தேகம் வலுவிழக்கிறது. அடுத்து அதே கார்டு வேறு கணினியில் பொருத்தப்படுகிறது. வேறு கார்டு இதே கணினியில் பொருத்தப்படுகிறது. பழுது கார்டோடு போனால் காரணம் கார்டில்; கணினியோடு தங்கினால் காரணம் கணினியில். ஒன்று மட்டும் செய்து நிறுத்தினால் அனுமானத்தில் பாதிதான் முடிந்திருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்ற ஒழுங்கும் இதில் அடங்கும்.

கடலோர ஊர்களில் இந்த ஒழுங்கு எளிதில் குலைகிறது. கார்டைக் கழற்றி, அடிவிளிம்பிலுள்ள தங்கப்பூச்சுப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, தூசி ஊதி மீண்டும் செருகினால் பல நேரம் சரியாகிவிடும். உப்புக்காற்றால் வந்த துரு என்று முடிவும் சொல்லப்படும். உப்பு ஈரத்தை ஈர்த்து மின்முனைகளை அரிப்பது உண்மைதான். ஆனால் அந்த ஐந்து நிமிட வேலையில் தேய்ப்பு, தூசி நீக்கம், மறுபொருத்தம், மின்வயரை மீண்டும் செருகியது என நான்கு மாற்றங்கள் நடந்துவிட்டன. குணம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. கெட்ட கார்டை ஹீட் கன்னால் சூடாக்கி உயிர்ப்பிப்பதும் இப்படியே. சில வாரம் ஓடி மறுபடி நின்றுபோகும் கார்டு, பழுது எந்த இணைப்பில் இருந்தது என்பதைச் சொல்லாமலே போய்விடுகிறது.

பிழையான அனுமானம் தனிமனிதரோடு நிற்பதில்லை என்பதற்கு இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் சான்று. பல விளையாட்டுகள் வீடியோ நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்போடு நின்றன. அறிவிப்பு கிராபிக்ஸ் கார்டைச் சுட்டியதால் பலர் டிரைவரை மாற்றினார்கள், கார்டைச் சந்தேகித்தார்கள். 2024 ஏப்ரலில் என்விடியா, இத்தகைய பிழை காண்போர் இன்டெலை அணுகலாம் என்று தன் டிரைவர் குறிப்பில் எழுதியது. செயலிக்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தம் போயிருக்கிறது என்று ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, உத்தரவாதமும் 2 ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே தேய்ந்த செயலியைத் திருத்தத்தால் மீட்க முடியவில்லை. நினைவகப் பிழை என்ற அடையாளம், நல்ல கார்டு உள்ள கணினியிலும் தோன்றக்கூடியதாக இருந்தது. விபக்கத்திலும் காணப்படும் அத்தகைய ஏதுவை மணிமேகலை அநைகாந்திகம் என்கிறது.

இடம் தெரிந்த பின் வருவது பொறுப்பு. இங்கே சைவ சித்தாந்தத்தின் காரண வகுப்பு உதவும். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். கிராபிக்ஸ் கார்டில் சிலிக்கனும் பற்றவைப்பும் முதற்காரணம். டிரைவர், மின்சாரம், குளிர்விப்பு ஆகியவை துணைக்காரணம். வடிவமைத்துச் செய்த நிறுவனம் நிமித்த காரணம். 2008 ஜூலையில் என்விடியா, தன் மடிக்கணினிச் சிப்புகள் சில வழக்கத்தைவிட அதிகமாகக் கெடுவதை அறிவித்து, அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சிப்பையும் அதன் உறையையும் இணைக்கும் பொருட்களின் பலவீனம், மடிக்கணினியின் வெப்ப அமைப்பு, வாடிக்கையாளர் பயன்படுத்தும் விதம் என்று மூன்று காரணங்களை அது அடுக்கியது. மூன்றும் உண்மையாக இருக்கலாம். ஆயினும் பொருளைத் தேர்ந்தவர் ஒருவர், வெப்ப அமைப்பைத் தேர்ந்தவர் இன்னொருவர். வாங்கியவர் எதையும் தேர்ந்தவர் அல்ல. மடிக்கணினியை இயல்பாகப் பயன்படுத்துவது காரணமாகலாம், குற்றமாகாது.

துணைக்காரணமும் நிமித்தத்தின் கையில் இருப்பது உண்டு. 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 டிரைவர், மின்விசிறியின் வேகத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தாமல் கார்டுகளைச் சூடேற்றியது. புகார்கள் எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. மென்பொருள் பிழை திருத்திக்கொள்ளக்கூடியது, வன்பொருள் பிழை நிலையானது என்ற பொது நம்பிக்கை இங்கே உடைகிறது. டிரைவரைத் திருத்தலாம்; அது சுட்டுக் கெடுத்த சிப்பைத் திருத்த முடியாது.

அறியும் வழிகளாகிய அளவைகளில் மூன்றாவது உரை, அதாவது பிறர் சொல். 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பல அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கினார். உரை செல்லுபடியாக, சொல்பவர் அறிந்தவராகவும் வஞ்சனை இல்லாதவராகவும் இருக்க வேண்டும் என்பது இந்திய அளவை மரபின் பொதுவான நிபந்தனை. கார்டைச் செய்த நிறுவனம் முதல் தகுதியில் யாருக்கும் முந்தி நிற்கும், இரண்டாவதில் பின்தங்கும். பழுதுள்ள சிப்பு கொண்ட ஆப்பிள் கணினிகளுக்குப் பாதிப்பில்லை என்று என்விடியா உறுதி சொல்லியிருந்தது. தாமே ஆராய்ந்தபின் சில மேக்புக் புரோக்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கண்டதாக ஆப்பிள் 2008 அக்டோபரில் அறிவித்தது. தன் நலனுக்கு எதிராகச் சொல்லப்படும் சொல்லுக்கு எடை கூடுதல். 2023 ஜனவரியில் ஏஎம்டி, ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகள் சிலவற்றைக் குளிர்விக்கும் ஆவி அறையில் போதிய நீர் இல்லை என்று ஒப்புக்கொண்டது. அந்தக் கார்டுகளில் சூடு 110 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. கார்டை நிறுத்தும் திசையை மாற்றினால் சூடும் மாறியது. அதே கார்டு, அதே டிரைவர், அதே மின்சாரம். திசை மட்டும் வேறு. பயனர்கள் கண்டதும் நிறுவனம் சொன்னதும் இங்கே ஒன்றையொன்று உறுதிப்படுத்தின.

ஒரு கார்டிலிருந்து ஒரு நிறுவனத்துக்குத் தாவுவது கடைசி அனுமானம். அதிகம் தவறுவதும் அதுவே. பழுது பார்க்கும் கடைக்கு வருபவை கெட்ட கார்டுகள் மட்டுமே, ஆதலால் அங்கே எந்த நிறுவனமும் மோசமாகத் தெரியும். அதிகம் விற்கும் நிறுவனம் இன்னும் மோசமாகத் தெரியும். 2008இல் ஒரு வழக்கில் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஆவணங்களின்படி, விஸ்டாவில் பதிவான செயலிழப்புகளில் சுமார் 29 விழுக்காடு என்விடியா டிரைவரால் நேர்ந்தவை. எத்தனை பேர் அந்த நிறுவனத்தின் கார்டு வைத்திருந்தார்கள் என்பதை அறியாமல் இந்த எண் எந்தத் தீர்ப்பையும் தராது. மறுபுறம், 2025 பிப்ரவரியில் ஆர்டிஎக்ஸ் 5090, 5070 டிஐ கார்டுகளில் 0.5 விழுக்காட்டுக்கும் குறைவானவை குறிப்பிட்டதைவிடக் குறைந்த உறுப்புகளோடு வெளிவந்ததாக என்விடியா சொன்னது. அளவு சிறியது. ஆனால் எண்ணிப் பார்த்தே பிடிக்கக்கூடிய குறை விற்பனை வரை வந்ததால், கேள்வி சோதனை முறையைப் பற்றியதாகிறது.

எனவே நிறுவனத்தின் மேல் பழி சுமத்த மூன்று வேண்டும். பழுது அதன் தேர்வில் தோன்றியிருக்க வேண்டும். அதை முன்பே அறிந்திருக்க வேண்டும், அல்லது அறிய இயன்றிருக்க வேண்டும். தெரிந்தபின் அது நடந்துகொண்ட விதமும் கணக்கில் வர வேண்டும். என்விடியாவின் அந்த மடிக்கணினிச் சிப்புகளுக்காக, மின்விசிறியை முன்கூட்டியே சுழலவிடும் திருத்தத்தை டெல் 2008 ஜூலையில் வெளியிட்டது. அது பழுதைத் தள்ளிப்போடும், நீக்காது. அதோடு உத்தரவாதமும் நீண்டால் அது பரிகாரம். இல்லையென்றால் பழுதை உத்தரவாதக் காலத்துக்கு அப்பால் நகர்த்தும் உபாயம். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் மின்செருகி சில வீடுகளில் உருகியதற்கு, பயனர்கள் முழுமையாகச் செருகாததே காரணம் என்று என்விடியா கூறியது. அது சரியென்றே வைத்துக்கொண்டாலும், அரைகுறையாகச் செருகினாலும் மின்சாரம் பாயவிடும் அமைப்பு வடிவமைப்பாளர் தேர்வே. அடுத்த ஆண்டு வந்த திருத்திய செருகியில், முழுதாகச் செருகாவிட்டால் மின்சாரம் தடைபடும்படி உணர்முனைகள் குட்டையாக்கப்பட்டன.

பழுதின் இடத்தை ஒரு மேசையில், மாற்றிப் பொருத்த இன்னொரு கார்டும் பொறுமையும் இருந்தால் ஒருவரே காணலாம். பழியின் இடத்தைக் காணப் பலருடைய கார்டுகளும், விற்ற எண்ணிக்கையும், நிறுவனம் எதை எப்போது அறிந்தது என்ற பதிவும் தேவை. அவை கிடைக்கும்வரை தன் கார்டு கெட்டது என்று சொல்ல உரிமையாளருக்கு முழு உரிமை உண்டு. அந்த நிறுவனத்தின் கார்டுகளே கெட்டவை என்பது நிறுவப்படாத பக்கமாகவே நிற்கும்.