பார்ப்பதிலும் குற்றம் உண்டோ?

வாடைக்காற்று எழும்பும் காலத்தில் நிலாவெளிப் பக்கம் போயிருக்கிறீர்களா? மாரி மழையில் நிறைந்த களப்பின் ஓரங்களிலே, உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய சின்னஞ்சிறு பறவைகள் கூட்டங்கூட்டமாய் ஓடி ஓடி இரை பொறுக்குவதைக் காணலாம். அவற்றுள் ஒன்றுக்குக் கொசு உள்ளான் என்று பெயர். அதன் எடை ஏறக்குறைய 30 கிராம்தான். வடதுருவத்தை அடுத்த பனிவெளிகளில் குஞ்சு பொரித்து, அங்கே குளிர் இறுகுமுன் ஆயிரக்கணக்கான மைல் கடந்து நம் கரைக்கு வருகிறது. பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகிறது.

இவற்றைப் பார்ப்பதற்கென்றே தொலைநோக்கியோடும் கமராவோடும் வருகிறவர்கள் இன்று பலர். அவர்கள் வேட்டைக்காரர் அல்லர். ஓர் இறகைக்கூடப் பிடுங்குவதில்லை. வருகிறார்கள், பார்க்கிறார்கள், போகிறார்கள். பிறருக்குத் தீங்கில்லாத இன்பம் ஒன்று உலகில் உண்டென்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். எனக்கும் நெடுங்காலம் அப்படித்தான் தோன்றியது. ஆயினும் கண்ணால் பார்ப்பதிலும் குற்றம் உண்டாகுமோ என்ற கேள்வி சிறுவயதிலேயே என்னுள் விழுந்துவிட்டது. அதை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

ஒரு கூட்டின் கதை

எனக்கு அப்போது பதினொரு வயது. ஆனி மாதத்து நண்பகல். நானும் இரண்டு தோழர்களும் நிலாவெளிக் கரையில் நடந்துகொண்டிருந்தோம். திடீரென்று ஆலாக் குருவி ஒன்று எங்கள் தலைக்கு மேலே கீச்சிட்டுச் சுழன்றது. குனிந்து பார்த்தோம். கூடு என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. வெறும் மணலில் ஒரு சிறு குழி. அதற்குள் மணலின் நிறத்திலேயே கரும்புள்ளிகளோடு இரண்டு முட்டைகள்.

தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லித் தந்திருந்தார்கள். ஆகையால் நாங்கள் தொடவில்லை. சுற்றிக் குந்தியிருந்து பார்த்தோம். பறவை வந்து அடைகாப்பதைப் பக்கத்திலேயே பார்த்துவிட வேண்டுமென்ற ஆசையில் அரை மணிக்கு மேலாகக் காத்திருந்தோம். பறவையோ மேலே சுழன்று சுழன்று கத்தியதேயன்றி இறங்கவில்லை.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஓடிப்போய்ப் பார்த்தோம். முட்டைகள் அப்படியே கிடந்தன. பறவையைக் காணவில்லை. கரைவலை இழுக்கும் முதியவர் ஒருவர் எங்கள் வாடிய முகத்தைக் கண்டு என்னவென்று கேட்டார். நடந்ததைச் சொன்னோம். “நாங்கள் தொடவேயில்லை, அப்பு” என்று நான் மும்முறை சொன்னது நினைவிருக்கிறது.

அவர் சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. “தொட்டாத்தான் குற்றமோ தம்பி? நீங்கள் குந்தியிருந்த இடத்தில தாய் எங்க வந்து இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார்.

மணலில் முட்டையிடும் பறவைகளைப் பற்றிப் பிற்காலத்தில் படித்தபோது அவர் சொன்னதன் ஆழம் விளங்கிற்று. நம் நாட்டு வெயிலில் அப்பறவைகள் முட்டைக்குச் சூடு தருவதைவிட நிழல் தருவதே பெரிய வேலை. சில கரையோரப் பறவைகள் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. நடுப்பகல் மணலில் தாய் சிறிது நேரம் விலகியிருந்தாலே முட்டைக்குள் இருக்கும் உயிர் வெந்துபோகலாம். எங்கள் கைகள் குற்றம் செய்யவில்லை. நாங்கள் அங்கே இருந்ததே போதுமாயிருந்தது.

துவக்கும் தொலைநோக்கியும்

பறவையைப் பார்ப்பது என்றால் பறவையைச் சுடுவது என்றே பொருள்பட்ட காலமும் இருந்தது. பிரித்தானியப் பீரங்கிப் படையின் அதிகாரியாக 1868இல் இலங்கைக்கு வந்த வின்சென்ற் லெக் என்பவர் இந்நாட்டுப் பறவைகளைப் பற்றி எழுதிய பெருநூல் 1878 முதல் 1880 வரை வெளிவந்தது. அந்நூலிலே திருகோணமலையின் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. அவருடைய அறிவும் உழைப்பும் மலைக்க வைப்பவை. ஆனால் அக்கால வழக்கப்படி, ஒரு பறவையை அறிவது என்றால் அதைச் சுட்டு வீழ்த்தி, தோலை உரித்துப் பாடம்பண்ணி வைப்பதாகவே இருந்தது.

இந்தியாவின் பறவையியலாளர் சலீம் அலியின் கதையும் அப்படியே தொடங்குகிறது. 1896இல் பிறந்த அவர், பத்து வயது அளவில் தம் விளையாட்டுத் துவக்கால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு வியந்து, அது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனார். அன்று திறந்த கதவு அவர் வாழ்வின் போக்கையே மாற்றியது. 1985இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அந்தச் சிறு குருவியின் வீழ்ச்சியையே தலைப்பாக வைத்தார்.

இருபதாம் நூற்றாண்டில் துவக்கு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. தொலைநோக்கி கண்ணுக்கு ஏறியது. மனிதகுலம் செய்த நல்ல மாற்றங்களில் இது ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் கையிலிருந்து துவக்கு இறங்கிவிட்டதாலேயே நெஞ்சிலிருந்து வேட்டையும் இறங்கிவிட்டதா? அதுதான் கேள்வி.

புறாத்தீவு சொல்லும் பாடம்

விடை தேடி நாம் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு இருக்கிறது. புறாமலை என்றும் நம்மவர் சொல்வர். பாறை இடுக்குகளில் வாழும் காட்டு மாடப்புறாக்களால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. நாம் வீட்டில் வளர்க்கும் புறாக்களுக்கெல்லாம் மூதாதை அந்த இனமே. ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் அந்தத் தீவு துவக்குச் சுடும் பயிற்சிக்குப் பயன்பட்டது. பின்னர் 1963இல் அது சரணாலயமாயிற்று. 2003இல் சுற்றியுள்ள கடற்பரப்போடு சேர்த்துத் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

2009இல் போர் முடிந்தபின் மக்கள் திரள் திரளாக வந்தார்கள். வந்தவர்களிற் பெரும்பாலோர் நல்லவர்களே. அழகை விரும்பியே வந்தார்கள். ஆனால் தீவைச் சூழ்ந்த முருகைக்கற்கள் கல் அல்ல, உயிர். கோடிக்கணக்கான சின்னஞ்சிறு உயிரினங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கட்டிய வீடு அது. பாறைபோல் திரண்டு வளரும் வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்கின்றன. ஆழமில்லாத நீரில் நின்று இளைப்பாற ஊன்றிய ஒரு கால், நம் பேரன் வளர்ந்து பெரியவனாகும் காலத்து வளர்ச்சியை ஒரு நொடியில் நொறுக்கிவிடும். கடல்நீர் சூடேறுவது போன்ற பெரிய காரணங்களும் முருகைக்கல்லைக் கெடுக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றோடு, ஆசையாய்ப் பார்க்க வந்தவர்களின் பாதங்களும் சேர்ந்துகொண்டன.

எண்ணிப் பாருங்கள். துவக்கோடு வந்தவனுக்கு, தான் அழிக்க வந்தவன் என்பது தெரியும். அன்போடு வந்தவனுக்கோ தன்மேல் சந்தேகமே எழுவதில்லை. “நான்தான் நேசிக்கிறேனே” என்ற எண்ணம் அவன் கண்ணை மறைத்துவிடுகிறது. பறவையின் குரலைக் கைத்தொலைபேசியில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு அதை வெளியே இழுப்பவனும், கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு ஊரெங்கும் அறிவிப்பவனும் தம்மைப் பறவைக்கு நண்பர் என்றே நம்புகிறார்கள். தன் இடத்துக்குள் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று எண்ணி, இரை தேடுவதையும் விட்டுத் தவிக்கும் அந்தப் பறவைக்கு இந்த நட்பு தெரியுமா?

அழகைக் கண்டதும் அதை உண்டுவிட விரும்புவது மனித இயல்பு என்றும், உண்ணாமல் பார்த்திருக்கக் கற்பதே உயர்வு என்றும் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் கருதினார். 1943இல் மறைந்த அந்த அம்மையார் சொன்னதோடு, கண்ணாலும் உண்ண முடியும் என்பதையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம். இன்று எத்தனை இனம் பார்த்தோம், எத்தனை படம் எடுத்தோம் என்று கணக்கு வைப்பவன், வலையில் விழுந்த மீனை எண்ணுகிறவனிலிருந்து எவ்வளவு வேறுபட்டவன்?

நம்மையும் பார்க்க வந்தார்கள்

பறவைக்காக இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்கலாம். வாசகரே, பார்க்கப்படுவதன் வலி நமக்குத் தெரியாததன்று.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்தபின், கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று இந்த மாவட்டத்துக் கரையோர மக்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கியிருந்தார்கள். அப்போது உதவ வந்தவர்களோடு பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். வாகனத்தில் வந்து இறங்கி, படம் எடுத்து, “ஐயோ பாவம்” என்று சொல்லிப் போனார்கள். அவர்கள் இரக்கம் பொய்யானதென்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையை இழந்த தாய் ஒருத்தி, கமராவைக் கண்டதும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பியதை நான் கண்டேன். அழுவதற்குக்கூட அவளுக்கு ஓர் இடம் விடப்படவில்லை.

அதே நாட்களில் இன்னொரு பெண்ணையும் கண்டேன். அவள் எவரிடமும் எதையும் விசாரிக்கவில்லை. காலையில் வந்து சோற்றுக் கிடாரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாலையில் போவாள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அந்தத் தாய் தானாக எழுந்து வந்து அவள் பக்கத்தில் குந்தினாள். பேசத் தொடங்கினாள்.

ஆலாக் கூட்டைச் சுற்றி நாங்கள் குந்தியிருந்ததும், அந்தத் தாயைச் சுற்றி அவர்கள் நின்றதும் ஒரே குற்றம்தான். பார்ப்பவனின் ஆவல் பெரிதாகி, பார்க்கப்படும் உயிர் தன் வாழ்வை நடத்துவதற்கு இடமில்லாமற் போவதே அது.

அப்படியானால் போகாமலே இருப்பதா?

நியாயமான கேள்வி. காணாததை எவரும் நேசிப்பதில்லை. நேசிக்காததை எவரும் காப்பதில்லை. புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றி இறக்கிப் பிழைக்கும் வள்ளக்காரரின் அடுப்பும் எரிய வேண்டும். நம் பிள்ளைகள் செம்பருந்தையும் காகத்தையும் அன்றி வேறு பறவை அறியாதவர்களாய் வளர்வதும் நல்லதன்று. மலைப்பொழிவிலே, கவலையால் சோர்ந்த மக்களுக்குப் பறவைகளைக் கவனிக்கும்படி ஆண்டவர் சொன்னார் என்பதை நாம் அறிவோம். ஆகவே பார்ப்பதை விடச் சொல்வது என் நோக்கமன்று. எவ்வளவு எட்ட நின்று பார்ப்பது என்பதே கேள்வி.

பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூலில், 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. வழியில் பறவைக்கூட்டைக் காண்பவன் குஞ்சுகளோடு தாயையும் சேர்த்துப் பிடிக்கலாகாது. தாயைப் போகவிட வேண்டும். பசித்தவனுக்கே அந்தச் சட்டம் ஓர் எல்லை வகுத்தது. அப்படியிருக்க, பசியில்லாமல் ஆவலால் மட்டும் வருகிற நமக்கு எல்லை வேண்டாமா?

அந்த எல்லையை அளக்க நூலும் வேண்டாம், முழக்கோலும் வேண்டாம். பறவையே சொல்லித் தரும். இரை பொறுக்கிய பறவை தலை நிமிர்ந்து நின்றால், நாம் நெருங்கிவிட்டோம். கத்தத் தொடங்கினால், மிக நெருங்கிவிட்டோம். சிறகொடிந்தாற்போல் நடித்து நம்மை இழுத்துப் போகப் பார்த்தால், கூடு நம் காலடியில் இருக்கிறது; வந்த வழியே கவனமாய்த் திரும்ப வேண்டும். நம்மால் அந்த உயிர் தன் வேலையை நிறுத்தியதென்றால் நாம் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டோம் என்பதே கணக்கு. மனிதரிடத்திலும் இந்தக் கணக்குப் பிழைக்காது.

நம் ஊர் ஆட்காட்டிக் குருவியை எல்லாரும் அறிவர். ஆள் வருவதைக் காட்டிக் கொடுப்பதால் அதற்கு அப்பெயர். நாம் பறவை பார்க்கப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டு நடக்கிறோம். அதுவோ நமக்கு முன்னே நம்மைப் பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் அறிவித்துவிடுகிறது. அதன் கண்ணில் நாம் யார் என்று ஒருமுறையேனும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

சென்ற ஆண்டு ஆனி மாதம் என் பேரனை நிலாவெளிக்கு அழைத்துப் போனேன். தூரத்து மணலில் ஆலா ஒன்று அமர்ந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்க்க வேண்டுமென்று கையைப் பிடித்து இழுத்தான். நான் அவனைத் தாழை மர நிழலில் இருத்தி, தொலைநோக்கியைக் கொடுத்தேன். சிறிது நேரத்தில் இன்னொரு ஆலா கடலிலிருந்து ஒரு சிறு மீனைக் கொண்டுவந்து அமர்ந்திருந்ததற்கு ஊட்டியது. அவன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

நானும் பார்த்தேன். பதினொரு வயதில் அத்தனை பக்கத்தில் குந்தியிருந்தும் எனக்குக் கிடைக்காத காட்சி அது.