பதினைந்தாவது ரவுண்டு

குத்துச்சண்டைப் பிரியர்கள் நாலு பேர் கூடினால், நடக்கவே முடியாத சண்டைகளையெல்லாம் பேச்சிலேயே நடத்திப் பார்த்துவிடுவார்கள். அதிலும் ஃபெதர்வெயிட் என்றால் கேட்கவே வேண்டாம். 126 பவுண்டு, அதாவது சுமார் 57 கிலோ. அந்த எடையில் 1942இல் உலகப் பட்டம் வென்ற அமெரிக்காவின் வில்லி பெப்பும், 1980களின் தொடக்கத்தில் கொடிகட்டிப் பறந்த மெக்சிகோவின் சல்வடோர் சான்செஸும் மோதினால் ஜெயிப்பது யார்?

பதில் சொல்லுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எத்தனை ரவுண்டு?

1982 ஜூலை 21, நியூயார்க். சான்செஸுக்கு எதிரே நின்றவர் கானாவின் அசுமா நெல்சன். அதிகம் பேர் அறியாத இளைஞர். வேறொருவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வந்தவர். சாம்பியனுக்கு ஈடுகொடுத்துப் பதினான்கு ரவுண்டு நின்றார். பதினைந்தாவதில் நடுவர் சண்டையை நிறுத்தினார். பட்டம் சான்செஸிடமே இருந்தது. மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் 12 அன்று, கார் விபத்தில் சான்செஸ் இறந்துபோனார். வயது 23.

இன்று உலகப் பட்டச் சண்டை 12 ரவுண்டோடு முடிந்துவிடும். இன்றைய விதிப்படி நடந்திருந்தால், அன்றைய முடிவு நடுவர்களின் மதிப்பெண் அட்டைக்குத்தான் போயிருக்கும். நெல்சன் 1984இல் தாமே உலகச் சாம்பியனான பிறகுதான், அந்த இரவில் சான்செஸ் எப்பேர்ப்பட்டவரை வென்றார் என்பது உலகுக்கு விளங்கியது. பெப்பை மதிப்பிடுவதிலும் இதே சிக்கல்தான். 1947 ஜனவரியில் விமான விபத்தில் அடிபட்டார். அதே ஆண்டு ஜூனில் மீண்டும் மேடையேறினார். சான்செஸோடு மோத எந்தப் பெப்பை அழைப்பது? விபத்துக்கு முந்தையவரையா, பிந்தையவரையா?

நம் பக்கத்துக்கு வருவோம். 1938இல் சிட்னியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுப் போட்டியில் ஃபெதர்வெயிட் தங்கம் வென்றவர் இலங்கையின் பார்னி ஹென்ரிகஸ். அதே போட்டியின் இன்றைய வடிவமான காமன்வெல்த் போட்டியில், 2022இல் பர்மிங்காமில், 57 கிலோ பிரிவில் வெண்கலம் பெற்றவர் நிஜாமாபாத்தின் முகமது ஹுசாமுதீன். பதக்கத்தை மட்டும் பார்த்தால் தங்கம்தான் பெரிது. சிட்னிக்கு வந்த அணிகள் 15, பர்மிங்காமுக்கு வந்தவை 72 என்றால் கணக்கு மாறும். கொழும்பிலிருந்து சிட்னி போய்ச் சேருவதே பெரும்பாடாக இருந்த காலம் அது என்றால் மறுபடியும் மாறும். இருவருமே தம் காலம் கொண்டுவந்து நிறுத்திய எதிராளிகளைச் சந்தித்தார்கள். அதற்குமேல் ஒருவரிடம் எதைக் கேட்பது?

இந்த ஒப்பீடு நம் வீட்டிலும் நடக்கிறது. திருத்தணியிலிருந்து அரக்கோணம் வழியாகச் சென்னைக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வரும் மகனிடம், "உன் வயசுல நான் வீடே கட்டிட்டேன்" என்கிறார் அப்பா. அன்று மனை என்ன விலை, இன்று என்ன விலை என்பது பேச்சில் வருவதில்லை. "உங்களுக்கு ஒரு ஃபாரம் நிரப்பத் தெரியாதாப்பா?" என்கிறான் மகன். பத்தாவதோடு படிப்பை விட்டு, தம்பி தங்கைகளைக் கரையேற்றியவர் அவர் என்பதை அவனும் மறந்துவிடுகிறான். எதிராளி யார், எத்தனை ரவுண்டு என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

கந்தசஷ்டிக்கு முருகனின் மற்ற படைவீடுகளில் சூரசம்ஹாரம் நடக்கும். நம் திருத்தணி மலையில் நடப்பதில்லை. போர் முடித்துச் சினம் தணிந்து முருகன் அமர்ந்த தலம் இது. அன்று இங்கே அவனுக்குப் புஷ்பாஞ்சலி. போர்க்கடவுளையே மலரால் கொண்டாடும் ஊர்க்காரர்கள் நாம். ஒருவரை உயர்த்த இன்னொருவரைச் சாய்த்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் நமக்கு எதற்கு? பெப்பையும் கொண்டாடலாம், சான்செஸையும் கொண்டாடலாம். அப்பாவையும் மெச்சலாம், மகனையும் மெச்சலாம்.

இன்று யாரையாவது இன்னொருவரோடு ஒப்பிட வாயெடுத்தால், அதற்குமுன் அவரிடமே கேளுங்கள்: "உனக்கு எதிரே நின்றது என்ன?" அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள்.